நெஞ்சுக்குள் ஒரு பிரேக்

கண்ணைக் கொட்டாமல் விழித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியைப் பார்த்து "நீ தூங்குகிறாய்" என்று சொன்னால் கோபம் வருமா, வராதா? மகாராணிக்கு வந்தது. சொன்னது மனிதராக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள். சொன்னதோ மணிக்கட்டில் கட்டியிருந்த ஒரு கறுப்புப் பட்டை. நல்ல பகல் நேரம், கடைத்தெரு சிக்னலில் சிவப்பு விளக்கு, பேருந்து நிறைய ஆட்கள். பட்டை கீச்சென்று கத்தியது. அதன் பிறகு தேனில் தோய்த்த ஒரு பெண்குரல், "ஓட்டுநர் உறக்க நிலையில் உள்ளார். வாகனத்தை ஓரமாக நிறுத்தவும்" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது.

முன் இருக்கைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார். பின்னால் யாரோ "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார்கள். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

"யாரும் பயப்படாதீங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். வாய் ஓயாத மனிதர் என்பதால் பணிமனையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். "எங்க அக்கா தூக்கத்துல நடக்கவே மாட்டாங்க. ஓட்டுவாங்களா?"

சிரிப்பு எழுந்தது. மகாராணி சிரிக்கவில்லை. இது இரண்டாவது முறை.

மகாராணி என்பதும் பணிமனை வைத்த பெயர்தான். ஓட்டுநர் இருக்கையில் அவள் முதுகை நிமிர்த்தி உட்காரும் தோரணையைப் பார்த்து, பொறுக்க முடியாத யாரோ கிண்டலாக வைத்தது. அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டு விட்டாள். நகரப் பேருந்து ஓட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவள் கருத்து. அந்தக் கருத்தை அவள் ஒருபோதும் மனதோடு வைத்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் அது உண்மையும்கூட.

பட்டை வந்த கதை சின்னது. வேறொரு பணிமனையில் ஒரு ஓட்டுநர் கண்ணயர்ந்து, வண்டியைச் சாலை நடுத்திட்டின் மேல் ஏற்றி விட்டார். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் தலைமை அலுவலகத்துக்குத் தூக்கம் போய்விட்டது. எல்லா ஓட்டுநர் கையிலும் பட்டையைக் கட்டினார்கள். அது இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். துடிப்பு தூங்குகிறவர் துடிப்பு மாதிரி மாறினால் கத்தும். கத்தினால் தலைமை அலுவலகத்துக்கும் அந்தக் கணமே தெரிந்துவிடும். மூன்று முறை கத்தினால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி, உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்து விடுவார்கள்.

கிடங்கில் உட்கார்ந்து நட்டு போல்ட் எடுத்துக் கொடுப்பதை மகாராணியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வண்டி ஓட்டும்போதுதான் அவள் முழு ஆளாக இருந்தாள். மற்ற நேரங்களில் அவள் ஒரு வீசிங்காரி. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் விசில், மெத்தையை உதறினால் இருமல். சின்ன வயதில் வந்து, இடையில் விட்டுப் போய், வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் திரும்பி வந்து ஒட்டிக்கொண்ட ஆஸ்துமா. பணிமனையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அப்புறம் மகாராணியாவது, மண்ணாவது.

அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவதுபோல மெல்ல, நீளமாக வெளியே விடுவாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தது. பல வருடப் பழக்கத்தில் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. நெரிசலில் மற்ற ஓட்டுநர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு சாபம் விடும்போது, இவள் மட்டும் ஆற்றில் படகு விடுகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். பட்டை கத்திய இரண்டு தடவையும் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

அவள் கவனித்தது வேறொன்றை. ஒருநாள் புகை கக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டி மூச்சு இறுகி, ரேடியோ பார்க்காத நேரம் இன்ஹேலரை இரண்டு முறை அடித்துக்கொண்டாள். நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது. அன்று முழுக்கப் பட்டை வாயே திறக்கவில்லை. அடுத்த நாள் காலையில் மூச்சு நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு பஃப் அடித்துப் பார்த்தாள். பட்டை கப்சிப். மகாராணிக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகம் முழுக்கச் சேர்ந்து வாங்கிய இயந்திரத்தைத் தனியாளாக மடக்கி விட்டதாக நினைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிரிப்புக்கு முன்னாலும் கழிவறைக்குள் போய் இரண்டு பஃப்.

புத்திசாலிகள் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. மருந்தை நோய்க்கு எடுக்காமல் கைப்பட்டைக்கு எடுத்த முதல் ஆள் இவளாகத்தான் இருக்க வேண்டும்.

பத்து நாளில் பலன் தெரிந்தது. கை நடுங்கியது. கியர் மாற்றும்போது விரல்கள் வேறு யாருடைய விரல்களோ மாதிரி ஆடின. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். "என்னக்கா, நேத்து அந்தத் திருப்பத்துல கம்பியப் பிடிக்கலேன்னா நான் டிக்கெட் மெஷினோட வெளிய போயிருப்பேன்" என்று ரேடியோ சொன்னபோது, "பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும், அதுக்குத்தான் கம்பி" என்று வெடுக்கென்றாள். சொன்ன பிறகு அவளுக்கே முகம் சுண்டிப்போயிற்று. தன் வண்டியில் ஒருவர் தடுமாறினார் என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மகாராணியின் வீட்டுக்கு அவள் நாத்தனார் வந்தாள். நாத்தனார் என்றதும் சண்டை என்று முடிவு கட்ட வேண்டாம். சண்டை உண்டு, ஆனால் அது இருவருக்கும் பிடித்த சண்டை. நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் இதயப் பரிசோதனை அறையில் வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுக்கிறவள். அவளிடம் எதையும் மறைப்பது கஷ்டம்.

மகாராணி காபியை நீட்டினாள். கோப்பை சாஸரோடு சேர்ந்து கடகடவென்று ஆடியது.

"என்ன அண்ணி, பூகம்பமா?"

"வேலை அலுப்பு."

நாத்தனார் கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மகாராணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. முகம் மாறியது. எழுந்து போய், ஆணியில் தொங்கிய கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காதருகில் குலுக்கினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"இது போன தடவை நான்தானே வாங்கிட்டு வந்தேன்? அதுக்குள்ளயா? மூச்சு அவ்ளோ மோசமா இருக்கா? எங்க அண்ணன் என்ன பண்ணிட்டு இருக்காரு?"

"உங்க அண்ணனுக்கு எதுவும் தெரியாது. மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு?"

சொல்லாமல் தப்ப வழியில்லை. மகாராணி பட்டையின் கதையைச் சொன்னாள். பாதியில் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது. கேட்டு முடித்த நாத்தனார் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். நாத்தனாரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நிஜமாவே இழுப்பு வந்து, அப்போ இது காலியா இருந்தா? நாப்பது பேரை வச்சிக்கிட்டு மூச்சு விட முடியாம பாலத்து மேல நிப்பீங்களா? உங்க திமிருக்கு ஒரு அளவே இல்லையா அண்ணி?"

மகாராணி காலி இன்ஹேலரை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

விடுப்பு நாளில் நாத்தனார் அவளைப் பரிசோதனை அறைக்கே இழுத்துக்கொண்டு போனாள். முதலில் டாக்டர். நாத்தனார் திட்டியதையே அவர் மரியாதையான வார்த்தைகளில் திட்டினார். தினமும் எடுக்க வேண்டிய வேறு மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பரிசோதனையை ஆரம்பிக்கச் சொன்னார். மகாராணி குறுகலான கட்டிலில் படுத்தாள். குளிர்ந்த களிம்பு, நெஞ்சில் ஒயர்கள், பக்கத்தில் திரை. திரையில் துடிப்பு ஒவ்வொன்றும் ஒரு முளையாக எழும்பி ஓடியது.

"சிக்னல்ல எப்படி மூச்சு விடுவீங்களோ, அப்படியே விடுங்க."

மகாராணி இழுத்தாள். முளைகள் நெருங்கி நெருங்கி வந்தன. உதட்டைக் குவித்து நீளமாக விட்டாள். முளைகள் விலகி விலகிப் போயின. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவ்வளவு இடைவெளி விழுந்ததில் அவளே கொஞ்சம் பயந்துபோனாள்.

"நின்னுருமா?"

"நிக்காது. எல்லாருக்கும் இப்படித்தான். மூச்சை இழுத்தா வேகம், விட்டா நிதானம். உங்களுக்கு அது கொஞ்சம் தூக்கலா இருக்கு. மூளையிலேர்ந்து இதயத்துக்கு ஒரு நரம்பு இறங்குது அண்ணி. அதான் பிரேக். நாம சொல்லி அது வேலை செய்யறதில்ல, தானா நடக்கும். ஆஸ்துமா இருக்கிற நிறைய பேருக்கு அந்த நரம்பு கொஞ்சம் சுறுசுறுப்பு ஜாஸ்தி. மூச்சுக்குழாயைச் சுருக்கறதும் அதே நரம்புதான்."

"அப்போ எனக்கு இழுப்பு வர வைக்கறதும், நெஞ்சை நிதானமா ஓட்டறதும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள். தூங்கும்போதும் அவர்தான் பிரேக்கை அழுத்துவாரு. உங்க கைப்பட்டைக்கு அது ஒண்ணுதான் தெரியும். நிதானமா, மேலயும் கீழயும் போகுதா? அப்போ தூக்கம். நீங்க முழிச்சிக்கிட்டே அதைப் பண்ணுவீங்கன்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல. பஃப் அடிச்சா ஆக்ஸிலரேட்டரை மிதிச்ச மாதிரி. துடிப்பு வேகமா, ஒரே சீரா ஓடும். பட்டைக்கு நிம்மதி, உங்களுக்கு நடுக்கம்."

மகாராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் தன் நெஞ்சை ஒரு ஓட்டை வண்டி என்று நினைத்து அவமானப்பட்டவள். உள்ளே இருப்பது நல்ல பிரேக் என்று ஒருத்தி சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஒயர்கள் ஆடித் திரையில் படம் கிறுக்கலாகிப் போக, நாத்தனார் "அசையாதீங்க அண்ணி" என்று அதட்டினாள்.

மறுநாள் காலை மகாராணி நேராகக் கிளை மேலாளர் அறைக்குப் போனாள். கூப்பிடாமல் அந்த அறைக்குள் அவள் போனது அதுவே முதல் தடவை. ஆஸ்துமா, பட்டை, பஃப், நரம்பு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மேலாளர் மோசமான மனிதர் இல்லை. விதிமுறையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா. ஆனா உங்க ஒருத்தருக்குப் பட்டையைக் கழட்டினா, நாளைக்கு ராத்திரி பூரா சீட்டாடிட்டு வர்றவனும் நெஞ்சுல பிரேக் இருக்குன்னு வந்து நிப்பான். நான் என்ன செய்ய?"

"நீங்களே வந்து பாருங்க சார். என் வண்டியில ஏறி உக்காருங்க. பட்டை கத்தறப்ப நான் தூங்கறேனா முழிச்சிருக்கேனான்னு உங்க கண்ணால பாருங்க."

"கத்தினா அது மூணாவது. நான் பார்த்துச் சொல்றதை வச்சுத்தான் தலைமை அலுவலகத்துல முடிவெடுப்பாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார். நான் தூங்கறவ இல்ல."

மதிய டிரிப்பில் மேலாளர் ஏறினார். ஓட்டுநரின் முகம் கண்ணாடியில் தெரியும்படி முன்பக்கத்து ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார். மகாராணி வண்டியை எடுத்தாள். முதல் சிக்னலில் உதட்டைக் குவித்து மூச்சை விட்டாள். பட்டை பேசவில்லை. இரண்டாவது சிக்னல், ஆஸ்பத்திரி நிறுத்தம், ரயில்வே கேட். ம்ஹூம். மேலாளரின் பார்வை கழுத்தில் குறுகுறுக்க, நெஞ்சு தானாகவே படபடத்துக்கொண்டிருந்தது. அந்தப் படபடப்பில் பிரேக்காரர் எங்கே தலைகாட்டுவார்?

கடைசி நிறுத்தத்தில் ரேடியோ குனிந்து காதோடு சொன்னார். "வேண்டாங்கும்போது கத்தும், வேணுங்கும்போது வாயைத் தொறக்காது. எங்க மாமனார் மாதிரியே இருக்குக்கா."

மகாராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் ஏதோ முடிச்சு அவிழ்ந்தது. கத்தினால் கத்தட்டும், கத்தாவிட்டால் போகட்டும், வண்டியை ஒழுங்காக ஓட்டுவோம் என்று திரும்பும் டிரிப்பை எடுத்தாள். மேலாளரை மறந்தாள். சாலை மட்டும் மிஞ்சியது. நடைபாதையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்து நின்ற பெண், இண்டிகேட்டர் போடாமல் திரும்பப்போகிற ஸ்கூட்டர், இறங்குவதற்காகப் பின்னால் எழுந்து நிற்கிற பெரியவர் என்று எல்லாரும் அவள் கண்ணில் அவரவர் இடத்தில் இருந்தார்கள். கை நடுங்கவில்லை. பல நாளுக்குப் பிறகு வண்டி அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. சந்தோஷமாக இருந்தது.

பாலத்தின் மேல் நெரிசல். வரிசை ஊர்ந்தது. ஓரமாக நின்றிருந்த ஒரு சரக்கு வேனின் பக்கக் கண்ணாடியில், உள்ளே இருந்தவன் தோளைத் திருப்புவதை அவள் பார்த்தாள். கதவைத் திறக்கப் போகிறான். அவன் கை கதவுக்குப் போகுமுன்பே அவள் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டது. கதவு அகலத் திறந்தது. பேருந்து அதற்கு ஒரு கை தூரத்தில், நின்றதே தெரியாமல் நின்றது. மகாராணி உதட்டைக் குவித்து நீளமாக மூச்சை விட்டாள்.

பட்டை கீச்சென்று கத்தியது. "ஓட்டுநர் உறக்க நிலையில் உள்ளார்."

"பாத்தீங்களா சார்!" மகாராணி வெற்றிக் களிப்பில் திரும்பினாள். "கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே..."

மேலாளரின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. வீட்டில் பல் முளைக்கிற குழந்தை அவரை ஒரு வாரமாகத் தூங்க விடவில்லை. மகாராணியின் வண்டி தூங்க விட்டிருந்தது. பட்டையின் கத்தலில் விழித்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

இது மூன்றாவது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. உதிரிபாகக் கிடங்கின் எண்ணெய் நாற்றம் இப்போதே மூக்கில் ஏறியது. அவள் வாயைத் திறக்குமுன் மேலாளரின் போன் அடித்தது. தலைமை அலுவலகம்.

"ஆமா சார், நான் வண்டியிலதான் இருக்கேன்." வண்டியே வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தது. ரேடியோகூட. "ஆமா, கத்துச்சு. டிரைவரா?"

மேலாளர் கண்ணாடியில் தெரிந்த மகாராணியின் முகத்தைப் பார்த்தார். 'முழித்திருந்தார், பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவர் மானமும் தப்பும், அவளும் தப்புவாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முன் கண்ணாடிக்கு நேரே அகலத் திறந்து கிடந்த வேன் கதவை அப்போதுதான் பார்த்தார். எழுந்து போய், குனிந்து, கதவுக்கும் பேருந்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். நான் பார்க்கல. தூங்கினது நான்." அவர் காது மடல் சிவந்தது, ஆனால் குரல் தணியவில்லை. "சிரிக்காதீங்க சார். முன்னாடி ஒருத்தன் கதவைத் தொறந்திருக்கான், இந்தம்மா வண்டியை நிறுத்தியிருக்காங்க, எனக்கு முழிப்பே வரல. நின்னுட்டு வர்ற பயணிங்க ஒருத்தர் கையும் கம்பியில இல்ல. தூங்கற டிரைவரோட வண்டியில ஒருத்தனாலயும் இப்படித் தூங்க முடியாது சார். இதை என் பேர்லயே எழுத்துல குடுக்கறேன்."

மறுமுனை நீளமாகப் பேசியது. மேலாளர் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டு போனைப் பையில் வைத்தார்.

"பட்டையைக் கழட்டுங்கம்மா. டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

மகாராணி பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த நன்றி ஒன்றுதான். ஸ்டியரிங்கில் கையை வைத்து, கண்ணாடிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, வேன்காரன் கதவைச் சாத்தியதும் வண்டியைப் பூப்போல எடுத்தாள்.

"உக்காருங்க சார், இன்னும் தூரம் இருக்கு" என்று ரேடியோ இருக்கையைக் காட்டினார்.

"வேண்டாம்பா" என்றார் மேலாளர். "இந்தம்மா வண்டியில உக்காந்தா மறுபடியும் தூங்கிடுவேன்." பணிமனை வரைக்கும் அவர் நின்றுகொண்டே வந்தார். ஒரு தடவைகூடக் கம்பியைப் பிடிக்கவில்லை.